கடலடிப் பாதை – 9: எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதற்கு முன்

பெங்களூரின் லிங்கராஜபுரத்திலிருந்து எந்தத் திசையில் வண்டியைத் திருப்பினாலும் கடலைப் பார்க்கச் சாலை வழியே 300 கிலோமீட்டராவது ஓட வேண்டும். இருந்தும் இந்த ஊரில் ஸ்கூபா பழகுகிறவர்களுக்குக் குறைவில்லை. மழை ஓய்ந்து அக்டோபரில் கடல் தெளியத் தொடங்கியதும் இரவு வண்டி பிடித்து முருடேஸ்வரம் போகிறார்கள். அங்கிருந்து படகில் சுமார் 10 கடல் மைல் தள்ளி இருக்கும் நேத்ராணித் தீவின் பாறைகளை ஒட்டி இறங்குகிறார்கள். சிலர் புதுச்சேரிக்குப் போகிறார்கள். விடுமுறையும் பணமும் கூடி வந்தால் அந்தமான். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இவர்களுக்கு உண்டு. உடையை மேட்டுநிலத்தில் உட்கார்ந்து, கைபேசித் திரையில் அளவுப் பட்டியலைப் பார்த்து, கடலில் ஒருமுறைகூட நனைக்காமல் வாங்க வேண்டியிருக்கிறது. முகக்கவசத்தையும் துடுப்புக் காலணியையும் போன வாரங்களில் பார்த்தாயிற்று. இந்த வாரம் வெட்சூட் என்னும் நீரடி உடை. இதை வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘3 மி.மீ. போதுமா, 5 மி.மீ. வேண்டுமா?’ என்பதாகவே அநேகமாக இருக்கும். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கட்சி. நம் கடல்களைப் பொறுத்தவரை, உடை உடலோடு எவ்வளவு ஒட்டி, எங்கும் நெருக்காமல் உட்காருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதில் தேறாத உடை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கொடுத்த காசுக்கு வேலை செய்யாது.

காரணம் அந்த உடை வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர், அமெரிக்கக் கடற்படையின் நீரடி வீரர்களுக்கான உடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அதுவரை எல்லோரும் முயன்றது நீரே உள்ளே வராத உடைக்குத்தான். சிறு கிழிசல் விழுந்தாலும் அது பயனற்றுப் போகும். உடல் நனையாமல் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பது பிராட்னரின் கண்டுபிடிப்பு. வெப்பத்தைத் தடுக்கும் வேலையை உடையின் பொருளுக்குள் சிறைப்பட்டிருக்கும் வாயுக் குமிழிகளே செய்துவிடும் என்று கணித்தார். அதற்கேற்ற பொருளாக அமைந்தது, டூபான்ட் நிறுவனம் 1930களில் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை ரப்பரான நியோப்ரீனின் நுரை வடிவம். பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் விளக்கம் வேறு: உடைக்கும் தோலுக்கும் நடுவே புகும் நீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைக் காக்கிறது என்பார்கள். இது பாதி உண்மை. அந்த நீர் நம்மைக் காப்பதில்லை. அதையும் சூடேற்றும் செலவு உடலின் தலையில்தான் விழுகிறது. ஒருமுறை சூடேற்றிய நீர் அங்கேயே நின்றால் செலவு அதோடு முடிந்தது. கையை வீசும்போதும் காலை உதைக்கும்போதும் அது வெளியேறிப் புது நீர் உள்ளே வந்துகொண்டிருந்தால், முழுகியிருக்கும் நேரம் முழுக்க உடல் கடலுக்குச் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆக, தொளதொளவென்று கிடக்கும் 5 மி.மீ. உடையைவிடக் கச்சிதமாக உட்காரும் 3 மி.மீ. உடை கதகதப்பாக இருக்க முழு நியாயம் இருக்கிறது.

ஆழம் இந்த வாதத்தை இன்னும் வலுவாக்குகிறது. கடைச் சீட்டில் அச்சிட்டிருக்கும் தடிமன் கடல் மட்டத்தின் தடிமன். 10 மீட்டர் இறங்கியதும் அழுத்தம் இரட்டிப்பாகி நுரையிலுள்ள குமிழிகள் பாதியாகச் சுருங்குகின்றன. 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, 30 மீட்டரில் நான்கில் ஒரு பங்கு. ரப்பர் சுருங்குவதில்லை என்பதால் உடையின் மொத்தத் தடிமன் அதே விகிதத்தில் குறையாது. ஆனாலும் 20 மீட்டரை எட்டும்போது சுமார் பாதி போய்விடுகிறது. குளிர் கூடுகிற ஆழத்தில்தான் காப்பும் குறைகிறது. நம் கடல்களில் சில நாள்களில் மேல்நீர் வெந்நீர்போல் இருக்க, கீழே ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சட்டென்று குளிர் நீர் முகத்தில் அறையும். மேகத்தின் விளிம்பைப் போலக் கண்ணுக்கே தெரியும் அந்த எல்லையைத் தெர்மோகிளைன் என்கிறார்கள். மேற்பரப்பில் இருக்கும்போது சற்றுத் தளர்வாக இருந்த உடை, அங்கே மெலிந்து இன்னும் தளர்ந்து, இடுப்புக்கு மேலே முதுகின் பள்ளத்தில் ஒரு கையளவு குளிர் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். உடலைத் திருப்பும்போதெல்லாம் அந்த நீர் தண்டுவடத்தை ஒட்டி மேலும் கீழும் ஓடும்.

‘நம் கடல் 28 டிகிரி, இதில் குளிராவது, உடையாவது’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு உடலியல் தரும் பதில் தெளிவாக இருக்கிறது. உடையில்லாமல் அசையாது நீரில் இருக்கும் மனித உடல், வெப்பம் இழக்காமலும் கூட்டாமலும் நிலையாக இருக்க நீர் ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். 28 டிகிரியில் உடல் உடனே நடுங்காது. ஆனால் மெல்ல மெல்ல வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். சிலிண்டரிலிருந்து வரும் வறண்ட காற்றை ஈரமாக்கவும் சூடேற்றவும் கொஞ்சம் போகும். ஒரு முழுக்கு 45 நிமிடம், படகில் ஒரு மணி நேர இடைவெளி, மறுபடி 45 நிமிடம் என்று கணக்குப் போட்டால் இரண்டாவது முழுக்கின் பின்பாதியில் உதடு நீலம் பாரிக்க, விரல் மந்தமாக, கவனம் சிதறக் காரணம் புரியும். அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. ஆழத்தில் இருக்கும்போதும் மேலேறும்போதும் நீரின் வெப்பத்தைத் தனித்தனியே மாற்றிப் பார்த்தார்கள். கீழே சூடாக இருந்து, மேலேறும் கட்டத்தில் குளிர்ந்தவர்களுக்கு, ரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் குமிழியாகும் அழுத்த நோய் கணிசமாகக் கூடியது. குளிர்ந்த உறுப்புகளில் ரத்த ஓட்டம் சுருங்குவதால், உறிஞ்சிய வாயு வெளியேறத் தாமதமாகிறது. அந்த ஆய்வில் ‘சூடு’ என்று வைத்தது 36 டிகிரி. ‘குளிர்’ என்று வைத்தது 27. நாம் வெதுவெதுப்பு என்று கொண்டாடும் நீர் அது. அவை ஆழமான, இடையில் நின்று நின்று ஏற வேண்டிய நெடிய முழுக்குகள். பொழுதுபோக்குக்கு இறங்குபவர் அவ்வளவு வாயுவைச் சுமப்பதில்லை என்பது உண்மை. அதனால் ஆய்வின் எண்களை நேத்ராணிக்கு அப்படியே பெயர்க்கக் கூடாது. குளிரும் நேரம் பெரும்பாலும் ஏறும் நேரமே என்பதும், ஏறும் நேரத்துக் குளிரே அதிகம் கெடுதல் என்பதும் மட்டும் எந்த முழுக்குக்கும் பொருந்தும்.

பெங்களூர்க்காரருக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கும் இருக்கிறது. முழுகிய பிறகு விமானம் ஏற ஒரு முழுக்குக்கு 12 மணி நேரமும், பல முழுக்குகளுக்கு 18 மணி நேரமும் பொறுத்திருக்கச் சொல்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் முழுகுவோர் பாதுகாப்பு அமைப்பு. அந்த வரையறை 2,000 அடியிலிருந்து 8,000 அடி வரையிலான உயரங்களுக்கானது. பெங்களூர் ஏறத்தாழ 3,000 அடியில் உட்கார்ந்திருக்கிறது. பிற்பகல் இரண்டாவது முழுக்கை முடித்து, அன்று மாலையே முருடேஸ்வரத்தில் பேருந்து ஏறி மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடப்பவரும், புதுச்சேரியிலிருந்து கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேட்டில் ஏறுபவரும் இந்த எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். உடம்பில் மிச்ச வாயுவோடு மலை ஏறுகிறவர், குளிரால் அந்த மிச்சத்தைக் கூட்டிக்கொண்டு ஏறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கை முடித்துத் திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருக்கத் திட்டமிடுகிறவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு வரலாற்றைக் காட்டும்: மன்னார் வளைகுடாவில் நூற்றாண்டுக்கணக்கில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் கோவணத்தோடுதானே இறங்கினார்கள்? இறங்கினார்கள். ஆனால் கல்லைப் பிடித்து இறங்கி மூச்சுக்கு மேலே வரும் அவர்களின் முழுக்கு ஒரு நிமிடத்தை ஒட்டியது. இருவராகச் சேர்ந்து மாறிமாறி இறங்கி, இடையிடையே வெயிலில் உடலைக் காய்ச்சிக்கொண்டார்கள். முத்துக்குளிப்பு நடந்ததும் காற்றடங்கிய கோடையின் சில வாரங்கள்தான். அசைவு குறைந்து முக்கால் மணி நேரம் மிதக்கும் ஸ்கூபாவுக்கு அது அளவுகோலாகாது. அதைவிடப் பொருத்தமான சாட்சியம் கொரியாவில் இருக்கிறது. அங்கே கடலடியில் சிப்பியும் பாசியும் எடுக்கும் ஹேன்யோ பெண்கள் பருத்தி உடையோடு குளிர்கடலில் இறங்கிவந்தார்கள். 1960களில் அவர்களை ஆராய்ந்த உடலியலாளர்கள், குளிர்காலத்தில் அவர்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம் சுமார் 30 சதவீதம் கூடுவதைக் கண்டார்கள். உடலே உலையை ஏற்றிக்கொண்டது. 1970களின் நடுவில் அவர்கள் வெட்சூட்டுக்கு மாறினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தகவமைப்பு மறைந்துவிட்டது. நீரில் வேலை செய்யும் நேரம் பெருமளவு நீண்டது. உடல் பழகிக்கொள்ளும் என்பது சரிதான், ஆனால் அந்த 30 சதவீதம் அதற்கு உடல் கொடுத்த விலை. மாற்று கிடைத்ததும் அந்தப் பெண்கள் தயங்கவில்லை.

நம் கரையிலும் அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். பாம்பனை ஒட்டிய ஊர்களில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்க முழுகும் பெண்கள், சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையை மாட்டி, விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பாறை கீறுவதற்கும் சொறிமுட்டை தீண்டுவதற்கும் அவர்கள் தாங்களே கண்டுபிடித்த காப்பு அது. அவர்களைச் சுட்டிக்காட்டி உடை தேவையில்லை என்பது அநியாயம். சட்டையும் துணிச்சுற்றும் தேவைக்கான சான்று. அவர்கள் உடலுக்கும் வேலைக்கும் ஏற்ற மெல்லிய முழு உடை ஒன்றை யாரும் இன்னும் எளிய விலையில் அவர்கள் கையில் கொண்டுசேர்க்கவில்லை என்பது நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

இனி அளவு. வெட்சூட் நிறுவனங்களின் பட்டியல் பெரும்பாலும் உயரம், எடை, மார்பு, இடுப்பு என்ற நான்கோடு நிற்கும். அதிலும் வாங்குகிறவர்கள் உயரத்தையும் எடையையும் மட்டும் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்குகிறார்கள். இந்திய உடலை இந்த இரண்டு எண்களில் பிடிக்க முடியாது. 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே சான்றாக வெளியிட்டார்கள்: புனேயின் யாக்னிக், லண்டனின் யுட்கின். இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றே, 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2. சர்க்கரை நோயைப் பற்றிப் பேச எழுதிய குறிப்பு அது. உடை வாங்குகிறவருக்கும் அது பாடம்தான். மெலிந்த கைகால், நடுவில் சேர்ந்த சதை என்ற நம் வழக்கமான வாகுக்கு, வெளிநாட்டு உடலை வைத்து வெட்டிய உடை வயிற்றில் இறுகும்போது தோளிலும் தொடையிலும் தொங்கும். ஒரு அளவு கூட்டி வாங்கினால் வயிறு சரியாகி அக்குளில் பை விழும். பெண்களுக்கு ஆண்களின் வெட்டைக் கொடுத்தால் இடுப்பெலும்பில் இறுகி இடையின் குழிவில் நீர் தேங்கும்.

இதற்கு லிங்கராஜபுரத்திலேயே ஒரு வழி இருக்கிறது. தெருமுனைத் தையல்காரரிடம் போய் அளவு எடுக்கச் சொல்லுங்கள். கழுத்துச் சுற்று, மார்பு, இடை, இடுப்பு, தொடை, கை நீளம், கவட்டையிலிருந்து கணுக்கால் வரை உள்நீளம். இவற்றோடு, பெரும்பாலோர் எடுக்காத ஓர் அளவையும் கேட்டு வாங்குங்கள். ஒரு தோளின் உச்சியில் நாடாவை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு இடையே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்கு மேலே கொண்டுவரும் முண்டச் சுற்று அது. முழு உடையின் சுகம் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணில் தொங்குகிறது. முண்டம் நீண்டவர் உயரக் கணக்கை நம்பி வாங்கினால் உடை தோளைக் கீழே இழுக்கும். தோள் இறங்கினால் கழுத்துப்பட்டி முன்பக்கம் குரல்வளையில் ஏறி உட்காரும். முண்டம் குட்டையானவருக்குக் கவட்டையில் இடைவெளி விழுந்து, ஒவ்வோர் உதைக்கும் அது நீர் இறைக்கும் துருத்தியாகிவிடும். அளவுகளை எழுதிக்கொண்டு, முண்ட அளவையும் கொடுக்கும் நிறுவனத்தைத் தேடுங்கள். கொடுக்காதவரிடம் எழுதிக் கேளுங்கள். வாங்கிய பிறகு நம் தையல்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். நல்ல உடைகளில் நியோப்ரீனைப் பசையிட்டு ஒட்டி, ஊசி மறுபக்கம் வெளிவராமல் தைக்கிறார்கள். சாதாரண எந்திரம் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் கசியும்.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாய் கழுத்தின் இருபுறமும் கிளைபிரியும் இடத்தில், ரத்த அழுத்தத்தை உணரும் நரம்புமுனைகள் உள்ளன. இறுகிய பட்டி அங்கே அழுத்தினால், அழுத்தம் ஏறிவிட்டதாக எண்ணி உடல் இதயத்துடிப்பைக் குறைக்கும். தலை சுற்றும், சிலருக்கு மயக்கமே வரும். கரையில் வந்தால் உட்கார்ந்துகொள்ளலாம். 15 மீட்டரில் வந்தால்? மார்பில் இறுகும் உடை மூச்சை மேலோட்டமாக்கும். மேலோட்டமான மூச்சில் கரியமில வாயு தேங்கும். தேங்கினால் பதற்றம் வரும், பதற்றத்தில் சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். ‘புதுசு அப்படித்தான் இருக்கும், போகப்போக இளகும்’ என்று விற்பவர் சொல்வதில் உண்மை உண்டு. உலர்ந்த உடலில் புது உடை இறுக்கமாகத்தான் தெரியும், நனைந்ததும் கொஞ்சம் இளகும். தோல் முழுக்கச் சீராகப் பிடித்திருந்தால் அந்தச் சொல்லை ஏற்கலாம். கழுத்தும் மார்பும் தனியாக நெருக்கினால் ஏற்கக் கூடாது.

வீட்டில் போட்டுப் பார்ப்பது ஒரு வேலைதான். பாதத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கி இறங்கும். நகம் படாமல், விரல்நுனிச் சதையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். கவட்டை சரியாக உட்கார்ந்த பிறகே கையை நுழைக்க வேண்டும். போட்டதும் கழற்றாமல் பத்துப் பதினைந்து நிமிடம் இருங்கள். குந்துங்கள், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், எச்சில் விழுங்குங்கள், ஆழ மூச்சிழுத்து முழுக்க விடுங்கள். முதுகுப் பள்ளத்தையும் அக்குளையும் வேறொருவரைக் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். துணிபோல் மடிந்து கையில் வந்தால் அங்கே நீர் நிற்கும். உடலைக் காட்டும் உடை என்பதால் கூச்சப்படுகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், மேலே ராஷ் கார்டு என்னும் மெல்லிய நீச்சல் மேலாடையைத் தளர்வாகப் போட்டுக்கொள்ளலாம். கூச்சத்துக்காக உடையை ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டியதில்லை. ஜிப் முதுகிலா மார்பிலா, உள்துணி என்ன நிறம் என்பதெல்லாம் அவரவர் விருப்பம்.

எதற்கு வம்பு, 5 மி.மீ.யாகவே வாங்கிவிடலாமே என்பது மூன்றாவது மறுப்பு. தடிமன் கூடக்கூட நுரை கூடும், மிதப்பும் கூடும்; அதை அமுக்க இடுப்பில் ஈயம் கூட்ட வேண்டும். ஆழத்தில் நுரை சுருங்கி மிதப்பு போனதும் அந்த ஈயம் கீழே இழுக்கும், ஏறும்போது உடை மறுபடி உப்பி மேலே தூக்கும். மிதப்பைக் கட்டுப்படுத்த இன்னும் கைவராத புதியவருக்கு இது பெரிய தொல்லை. படகின் வெயிலில் கனத்த உடைக்குள் வேர்த்து உடல் வறண்டு போவதும் நல்லதல்ல. 24 முதல் 28 டிகிரி வரையிலான நீருக்கு 3 மி.மீ. முழு உடை நியாயமான தொடக்கம். மெலிந்தவர்களும் சீக்கிரம் குளிர்கிறவர்களும் உள்ளே ஒரு மெல்லிய கையில்லா உடையும் தலைக்கு ஒரு முக்காடும் சேர்த்துக்கொள்ளலாம். இடுப்பு வரை மட்டும் போட்டுக்கொண்டு, இறங்கப் போகும்போது மேற்பாதியை ஏற்றுவது படகில் வழக்கம்.

வருடத்துக்கு ஒருமுறை போகிறவன் எதற்காகச் சொந்தமாக வாங்க வேண்டும் என்று கேட்டால், வாங்க வேண்டாம் என்பதே என் பதில். வாடகை உடை பலர் உடம்பில் ஏறி நைந்து, நுரை தட்டையாகி இருக்கும். ஆனாலும் சரியான அளவு கிடைத்தால் ஒரு நாளுக்கு அது போதும். தையல்காரர் எழுதிக்கொடுத்த அளவுகளை முன்பதிவு செய்யும்போதே டைவ் கடைக்கு அனுப்பிவிடுங்கள். காலையில் கடைக்குப் போனதும் முதல் வேலையாகப் போட்டுப் பாருங்கள். கழுத்து நெருக்கினாலோ முதுகில் பை விழுந்தாலோ கூச்சப்படாமல் வேறு கேளுங்கள். படகு துறையை விட்டுக் கிளம்பிவிட்டால் மாற்றிக்கொள்ள அங்கே இன்னொரு உடை இருக்காது.